அண்ட் கோ

மதலைமுத்துவுக்குத் தமிழ், கன்னடம், இங்கிலீஷ், உருது நான்கையும் இடம் வலம் மாற்றி, கண்ணாடியில் தெரிகிற மாதிரி எழுத வரும். உருது வாசிக்கத் தெரியாது; எழுத மட்டும் வரும். தண்டு என்று ஊர் சொல்லும் கண்டோன்மென்ட்டில் ஒரு லித்தோ அச்சகம் இருந்தது. அங்கே பதினோரு வருஷம் கல்லின்மேல் குனிந்து லேபிள் வரைந்தவர் அவர். கல்லில் மாற்றி எழுதினால்தான் காகிதத்தில் நேராக விழும். பெங்களூரில் எதை விற்பதானாலும் நான்கு மொழியிலும் பேர் போட வேண்டும், இல்லாவிட்டால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதைக் கையில் எடுக்க மாட்டார்கள். மூக்குப்பொடி, ஊதுபத்தி, பீடி, சோப்பு, காப்பித்தூள் என்று அவர் கையால் எழுதிய பேர்கள் முந்நூறுக்குக் குறையாது. அதில் ஒன்றுகூட அவருடைய பேர் இல்லை.

லேபிள் வரைகிறவனுக்கு எதற்குப் பேர் என்று கேட்கலாம். கேட்டவர்களும் உண்டு. முதலாளி அவரை ‘ஆர்ட்டிஸ்ட்’ என்று கூப்பிடுவார். மேஸ்திரிக்கு அவர் ‘முத்து’. பெண்சாதி பெர்னதெத் அந்தக் காலத்து வழக்கப்படி புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டாள். மதலைமுத்து என்று முழுசாகச் சொன்னவர் ஞானஸ்நானம் கொடுத்த பிரெஞ்சுக்காரச் சாமியார் ஒருவர்தான், அதுவும் பாதி லத்தீனில். இப்படிப்பட்ட மனுஷனுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. தன் பேர் முழுசாக, நல்ல எழுத்தில், தெருவில் போகிறவர்கள் படிக்கிற இடத்தில் இருக்க வேண்டும். இதைவிடச் சின்ன ஆசை ஒருவருக்கு இருக்க முடியாது. அதையும் அவர் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டார் என்பதைச் சொல்லும்போது பரிதாபத்தைவிட எரிச்சல்தான் முதலில் வருகிறது.

அதே அச்சகத்தில் முன்பக்கத்து மேஜையில் உட்கார்ந்து ஆர்டர் பிடித்தவர் தியோடர். பிராட்டஸ்டன்ட் குடும்பம், அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். தியோடருக்குப் படம் வரைய வராது, ஒரு வட்டம் போட்டால் உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். ஆனால் வாய் இருந்தது, கழுத்தில் டை இருந்தது, வெள்ளைக்காரர்கள் சாமான் வாங்கும் சவுத் பரேடில் எந்தக் கடைக்குள்ளும் கூசாமல் நுழைகிற நடை இருந்தது. மத்தியானம் இரண்டு பேரும் கல் அடுக்கி வைத்திருக்கும் அறையில் சேர்ந்து சாப்பிடுவார்கள். அப்படி ஒரு நாள், 1931இல், தியோடர் அந்தப் பேச்சை எடுத்தார்.

“பம்பாய்ல எல்லாம் ஸ்டுடியோன்னு வெச்சிருக்கானுங்கடா. அச்சகத்துக்கு வெளியே, தனியா. லேபிள், போஸ்டர், கடை போர்டு எல்லாம் அவனுங்களே வரைஞ்சு குடுக்கறானுங்க, அச்சடிக்கறது மட்டும்தான் பிரஸ்காரன் வேலை. இங்க ஒருத்தனும் ஆரம்பிக்கலே. நீ வரை, நான் ஆளைக் கூட்டியாறேன். என்ன சொல்றே?”

மதலைமுத்து யோசிக்கிறேன் என்றார். அவர் யோசித்தது வேலையைப் பற்றி அல்ல. ஸ்டுடியோ என்றால் வாசலில் போர்டு இருக்கும், போர்டு என்றால் அதில் பேர் இருக்கும்.

அல்சூர் கடைத்தெருவில் ஒரு தையற்கடைக்கு மேலே மாடி அறை பிடித்தார்கள். வடக்கே பெரிய ஜன்னல், வரைவதற்கு நல்ல வெளிச்சம். எட்டடி நீளத்தில் தேக்குப் பலகை வாங்கி இழைத்து, வெள்ளை அடித்துச் சுவரில் சாய்த்தாயிற்று. மதலைமுத்து நான்கு நாள் சாயங்காலம் லிங்கராஜபுரத்து வீட்டுக் கூடத்தில் காகிதத்தை விரித்துப் போட்டு அளவு பார்த்தார். ‘தியோடர் அண்ட் மதலைமுத்து’. தியோடர் ஆறு மாசம் மூத்தவர், அதனால் அவர் பேர் முதலில். இங்கிலீஷில் தன் பேருக்குப் பன்னிரண்டு எழுத்து, தியோடருக்கு எட்டுதான். எட்டடிக்குள் இரண்டும் ஒரே உயரத்தில் அடங்க வேண்டும், தன்னுடையது நசுங்கவும் கூடாது. நாலாம் நாள் எழுத்தின் உடம்பைக் கொஞ்சம் ஒல்லியாக்கி அதைச் சாதித்துவிட்டார். பெர்னதெத் பார்த்துவிட்டு, “நல்லா இருக்குங்க” என்றாள். அந்தக் காகிதத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அல்சூருக்கு நடந்தார்.

தியோடர் ஒரு துண்டுச் சீட்டில் பேர்கள் எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஸ்டார், மாடர்ன், ராயல். ராயல் என்ற பேரில் தண்டில் அப்போதே ஒரு சலூன், ஒரு பேக்கரி, ஒரு சவப்பெட்டிக் கடை மூன்றும் இருந்தன. எதுவும் சரிப்படவில்லை. சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு, “நம்ம பேரையே வெச்சா என்னடா?” என்றார் தியோடர்.

மதலைமுத்துவின் கை கோட்டுப் பைக்குப் போனது. வாயோ வேறு பக்கம் போனது.

“உன் பேரே போதும். எனக்கு எதுக்கு?”

இதை அவர் மனசால் சொல்லவில்லை. வளர்ப்பு சொல்ல வைத்தது. அவருடைய வீட்டாரை யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் முதல் தடவை ‘இப்பத்தான் ஆச்சு’ என்பார்கள். இரண்டாம் தடவை ‘உங்களுக்கு எதுக்குச் சிரமம்’ என்பார்கள். மூன்றாம் தடவை கூப்பிட்டால் இலையில் உட்காருவார்கள். கூப்பிடுகிறவருக்கும் இது தெரியும் என்பதால் யாரும் பட்டினியாகத் திரும்பியதில்லை. முதல் தடவையே சரி என்பவனை அந்தத் தெருவில் சோற்றுக்கு அலைகிறவன் என்று பேசுவார்கள். தியோடர் வீட்டில் இந்தப் பழக்கம் கிடையாது. டீ வேண்டுமா என்று கேட்டு, வேண்டாம் என்று சொன்னால் கோப்பையை உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். அந்த வீட்டில் மதலைமுத்து எத்தனையோ டீயை இப்படி இழந்திருக்கிறார். அப்போதாவது புத்தி வந்திருக்கலாம்.

“அப்படியா?” என்றார் தியோடர். முகம் மலர்ந்துவிட்டது. “தேங்க்ஸ்டா. எனக்கும் கேக்கக் கூச்சமாத்தான் இருந்துச்சு. வெள்ளைக்காரக் கடையில எல்லாம் இந்தப் பேர்னா சட்டுனு வாயில வரும்.”

மதலைமுத்து இரண்டாவது தடவைக்காகக் காத்திருந்தார். தியோடர் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆனா தியோடர்னு மட்டும் போட்டா ஒத்தை ஆள் கடை மாதிரி இருக்கும். அண்ட் கோன்னு சேத்துக்கலாம். கோன்னா நீதான்.”

மடித்த காகிதம் பைக்குள்ளேயே இருந்தது. ‘தியோடர் அண்ட் கோ, கமர்ஷியல் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ என்று நான்கு மொழியிலும் மதலைமுத்துவே எழுதினார். மட்டமாக எழுதவும் அவருக்கு வரவில்லை. நிழல் கொடுத்து, விளிம்புக்குத் தங்க ரேக்கு ஒட்டி, மூன்று நாள் வேலை செய்தார். அல்சூர் தெருவில் அதுவரை அப்படி ஒரு போர்டு யாரும் பார்த்ததில்லை.

திறப்பு நாளைக்கு யாரை ஜெபம் பண்ணச் சொல்வது என்று ஒரு வாரம் குழம்பினார்கள். சாமியாரைக் கூப்பிட்டால் போதகர் வர மாட்டார். போதகரின் ஜெபத்தில் நின்றால் கத்தோலிக்கரான மதலைமுத்து அதற்காகவே சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ண வேண்டியிருக்கும். கடைசியில் கீழே இருந்த தையற்கடை பாய் தானாக மேலே ஏறி வந்து ஃபாத்திஹா ஓதி, எல்லார் கையிலும் சர்க்கரை கொடுத்தார். பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் மிஸ்டர் தியோடர் யார் என்று தேடிப் போய்க் கை குலுக்கினார்கள். ஒருவர் மதலைமுத்துவிடம், “இங்க உங்களுக்கு என்ன வேலை?” என்று கேட்டார். தியோடர் சிரித்துக்கொண்டே அவர் தோளில் கை போட்டு, “இவர்தான் நம்ம கோ” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது அந்தப் பேர். தையற்கடைக்காரருக்கு அவர் ‘கோ பாய்’, வாடிக்கைக்காரர்களுக்கு ‘மிஸ்டர் கோ’.

பெர்னதெத் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பவள். போர்டைக் கீழேயிருந்து மேலே, மேலேயிருந்து கீழே படித்தாள்.

“உங்க பேர் எங்கே?”

“கோன்னா நான்தான்.” சமாளிக்கப் பார்த்தார். “தமிழ்ல கோன்னா அரசன்னு அர்த்தம். உனக்குத் தெரியாததா?”

“மாடுன்னும் ஒரு அர்த்தம் இருக்குங்க. பிள்ளைங்களுக்கு ரெண்டும்தான் சொல்லிக் குடுக்கறேன்.”

முதல் பெரிய ஆர்டர் சுப்ரமணியனிடமிருந்து வந்தது. அப்பா மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர். பிள்ளை தாயார் பேரில் ‘ஜகதாம்பாள் கூந்தல் தைலம்’ தொடங்கினார். ஜகதாம்பாள் அம்மாள் அப்போது புருஷனை இழந்து, தலையை மழித்து முக்காடு போட்டிருந்தார். அவர் பேரில் கூந்தல் தைலம் விற்பது யாருக்கும் உறுத்தவில்லை. லேபிளில் முழங்கால் வரை கூந்தல் தொங்க ஒரு பெண் பின்பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்றார் சுப்ரமணியன்.

மதலைமுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை பெர்னதெத்தைக் கூடத்தில் முதுகு காட்டி உட்கார வைத்து வரைந்தார். அவளுக்கு முடி உட்கார்ந்தால் தரையில் புரளும். முதல் நாள் வெட்கப்பட்டாள். இரண்டாம் நாள் கால் மரத்துப்போயிற்று. மூன்றாம் நாள் படத்தைப் பார்த்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அப்படி வந்திருந்தது. ஒவ்வொரு முடிக்கும் தனித்தனியாக வெளிச்சம் விழுந்திருந்தது.

சுப்ரமணியன் ஸ்டுடியோவுக்கு வந்தபோது தியோடர்தான் சுருளை விரித்துக் காட்டினார். மதலைமுத்து ஜன்னலோரம் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார்.

“பேஷ்,” என்றார் சுப்ரமணியன். “தியோடர், உம்ம கையிலே சரஸ்வதி இருக்கா.”

தியோடர் ஜன்னல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். திரும்பிப் பார்த்து, ஒரு நொடி பொறுத்தார். மதலைமுத்து தண்ணீர் டப்பாவுக்குள் எதையோ தேடுகிறவர்போல் குனிந்துகொண்டார். “தேங்க்யூ சார்” என்றார் தியோடர்.

வந்தவர் போன பிறகு தியோடருக்கே மனசு கேட்கவில்லை. “சொல்லியிருக்கணும்டா. ஆர்டர் பேசற நேரத்துல எதுக்குக் குழப்பம்னு விட்டுட்டேன்.”

“அதனாலென்ன” என்றார் மதலைமுத்து.

தியோடர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டு இறங்கிப் போயிருக்கலாம். வருமானத்தில் சரிபாதி ஒரு மாசம்கூடத் தவறியதில்லை. பெர்னதெத்துக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று நாள் கூடவே உட்கார்ந்திருந்தவர் அவர். ஒருவர் கொடுத்ததை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். கொடுத்ததாகத்தான் அவர் நினைத்தார்.

ஜகதாம்பாள் தைலம் மைசூர் முழுக்கப் போனது. அதற்குப் பிறகு தியோடருக்கு ஒரு யோசனை வந்தது. சீமையில் ஆர்ட்டிஸ்டுகள் படத்தின் மூலையில் கையெழுத்துப் போடுகிறார்கள், நாமும் கம்பெனிப் பேரைப் போடலாம். அண்ட் கோ சேர்த்தால் மூலையில் இடம் பற்றாது, ‘தியோடர்’ மட்டும் போதும். அந்தக் கையெழுத்தை வடிவமைத்ததும் மதலைமுத்துதான். முதல் எழுத்தான இங்கிலீஷ் ‘டி’யின் தலைக்கோட்டை நீட்டி மற்ற எழுத்துகளுக்கு மேலே கூரை மாதிரி இழுத்து விட்டார். தியோடருக்கு அதைத் தன் கையால் ஒரு தடவைகூட ஒழுங்காகப் போட வந்ததில்லை. செக்கில் வேறு மாதிரிதான் போடுவார். நாளடைவில் வாடிக்கைக்காரர்கள் மூலையில் அந்தக் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துத்தான் லேபிளை வாங்கினார்கள்.

1937இல் ஸ்டுடியோ கமர்ஷியல் தெருவை ஒட்டிய சந்துக்கு மாறியது. புது இடம், புது போர்டு. பெர்னதெத் ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லி அனுப்பினாள். மதலைமுத்துவும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார். அதிசயமாக, தியோடரே கேட்டார்.

“புது போர்டு எழுதறோமே, பேர்ல ஏதாச்சும் மாத்தணுமாடா? உன் பேரைச் சேக்கணும்னா சொல்லு.”

ஆறு வருஷம் கழித்து வந்த இரண்டாவது தடவை. ஆனால் கணக்கு மதலைமுத்துவுக்குப் புதிதாகத் தொடங்கிவிட்டது. இது புது வீடு, புதுப் பந்தி, முதல் அழைப்பு.

“எதுக்கு? இருக்கறதே நல்லாத்தானே இருக்கு” என்றார்.

மறுநாள் பெர்னதெத் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு நேராகத் தியோடரிடம் போனாள். அவரிடம் அவள் குரலை உயர்த்தவில்லை. “அண்ணே, கை அவரோடது. பேர் மட்டும் உங்களோடது. இது நியாயமான்னு நீங்களே சொல்லுங்க” என்றாள். தியோடர் திகைத்துப்போனார். அன்று சாயங்காலமே சைக்கிளில் லிங்கராஜபுரம் வந்து வாசலில் நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

“ரெண்டு தடவை நானே கேட்டேனேடா. வேணாம்னு நீதானே சொன்னே? உனக்கு வேணும்னா இப்பச் சொல்லு. நாளைக்கே மாத்திடறேன்.”

மூன்றாவது தடவை. இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு எப்படிக் கேட்டுக் கொடுக்க முடியும்? உட்கார வேண்டிய நேரம் இதுதான். ஆனால் வீட்டுப் பெண்பிள்ளை கடை வரைக்கும் போய்க் கேட்டுவிட்டாளே என்ற அவமானம்தான் மதலைமுத்துவுக்கு முன்னால் நின்றது. பக்கத்து வீட்டு ஜன்னல் வேறு திறந்திருந்தது.

“அவ ஏதோ தெரியாம பேசிட்டா. மனசுல வெச்சுக்காதே. எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லே.”

தியோடர் அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, மனசு லேசாகிச் சைக்கிளில் ஏறிப் போனார். பெர்னதெத் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சீடர் இராயப்பர் மூணு தடவை தெரியாதுன்னு மறுதலிச்சாருன்னா அது ஆண்டவர் யேசுவை,” என்றாள். “நீங்க உங்களையே மறுதலிச்சிட்டீங்க. இனிமே இதைப் பத்தி இந்த வீட்டுல நான் வாயைத் திறக்க மாட்டேன்.” திறக்கவும் இல்லை.

பிறகு யுத்தம் வந்தது. தண்டு முழுக்கப் பட்டாளம். பிஸ்கட், சோப்பு, சிகரெட் என்று லேபிளுக்கு ஓயாத வேலை. தியோடர் ஸ்டுடியோவில் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். படங்களைப் பார்த்து, இங்கே நிழல் குறைவு, அங்கே சிவப்பு அதிகம் என்று சொல்லத் தொடங்கினார். பன்னிரண்டு வருஷம் ஊரே ஒன்றைச் சொன்னால் யாருக்கும் அது உண்மையாகிவிடும். 1943 ஆகஸ்டில் டைபாய்டில் படுத்தார், பதினெட்டாம் நாள் போய்விட்டார். இங்கிலீஷ் பத்திரிகையில் நாலு வரி வந்தது: கூந்தல் தைல லேபிளை வரைந்த பிரபல சித்திரக்காரர் தியோடர் காலமானார். மதலைமுத்து சவப்பெட்டியின் இடது பக்கம் தோள் கொடுத்தார். உண்மையாகவே அழுதார். அவருக்கு வேறு சிநேகிதன் கிடையாது.

நாற்பது நாள் கழித்துத் தியோடரின் பெண்சாதி டோரீன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள்.

“மதலை அண்ணே, ஸ்டுடியோவை நீங்களே நடத்துங்க. அவர் பேரை மட்டும் போர்டுலேர்ந்து எடுத்துடுங்க. அந்தச் சந்துப் பக்கம் போறப்பல்லாம் பார்க்க என்னால முடியலே. உங்க பேரைப் போட்டுக்குங்க, ப்ளீஸ்.”

“சரிம்மா” என்றார் மதலைமுத்து. முதல் தடவையே சொல்லிவிட்டார். சொன்ன வேகத்தை நினைத்து வழியெல்லாம் கூசினார்.

ஐம்பத்திரண்டு வயதில் அவர் தன் பேரை எழுதினார். நான்கு மொழியிலும் ஒரே உயரம். எழுதி மாட்டிவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றார். அந்த வழியாக ஒரு ஜட்கா வந்தது. வண்டிக்காரர் குதிரையை நிறுத்திவிட்டு, சவாரிக்காகக் காத்திருந்த நேரத்தில் தலையைத் தூக்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். “ம... த... லை... முத்து.” மதலைமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த வண்டி கிளம்புகிற வரைக்கும் அவர் சந்தோஷமாக இருந்தார்.

அடுத்த மாசம் சுப்ரமணியன் வந்தார். தைலத்துக்குச் சின்ன சீசா போடப் போவதாகவும் அதே பெண்ணைக் கொஞ்சம் மாற்றிப் புதிதாக வரைய வேண்டும் என்றும் சொன்னார். மதலைமுத்து உயிரைக் கொடுத்து வரைந்தார். மூலையில் தன் பேரை எழுதினார். சுப்ரமணியன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“நன்னாத்தான் இருக்கு. ஆனா தியோடர் கை வரலை.”

“சார்,” என்றார் மதலைமுத்து. “அதை வரைஞ்சதும் நான்தான். ஆரம்பத்துலேர்ந்து எல்லாமே நான்தான் வரைஞ்சேன்.”

சுப்ரமணியன் கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படவில்லை, பரிதாபப்பட்டார். “போனவாளைப் பத்தி அப்படிப் பேசப்படாது. பன்னண்டு வருஷம் உமக்குச் சோறு போட்ட மனுஷன்.”

வேறு என்ன செய்வது? மதலைமுத்து ஒரு காகிதத்தை இழுத்துப் போட்டு, பிரஷ்ஷை மையில் தொட்டு, அந்தக் கையெழுத்தை ஒரே மூச்சில் போட்டுக் காட்டினார். முதல் எழுத்தின் கூரை, கீழே எழுத்துகள், எல்லாம் அச்சு அசலாக விழுந்தன. சுப்ரமணியன் அதைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்து, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

“கையெழுத்தையும் பழகி வெச்சிருக்கீரா?”

ஒரு வாரத்தில் அந்தச் சேதி கமர்ஷியல் தெரு முழுக்கப் பரவிவிட்டது. செத்தவன் கையெழுத்தைப் போடுகிற ஆள் என்று. வர வேண்டிய ஆர்டர்கள் வரவில்லை. கடைசியில் மதலைமுத்து வெட்கத்தை விட்டு டோரீனிடம் போனார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தியோடரின் பெண்சாதியே சொன்னால் நம்பாதவர் யார்?

டோரீன் கூடத்தில் உட்கார வைத்தாள். சுவரில் தியோடர் பிரஷ்ஷோடு நிற்கிற போட்டோ இருந்தது. அதற்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டுக் கூந்தல் தைல லேபிள் மாட்டியிருந்தது. அவர் அதைப் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

“அது என் முடி,” என்றாள். “அப்ப எனக்கு எவ்வளவு நீளம் தெரியுமா, அண்ணே? கல்யாணமான புதுசுல பார்த்து மனசுல வெச்சிருந்து வரைஞ்சதா சொன்னார். அவர் போனதுக்கு அப்புறம் தினமும் காலையில அதைத்தான் பார்க்கறேன். என்னை அப்படிப் பார்த்திருக்காரே.” அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “நீங்க பக்கத்துலயே இருந்தீங்களே. அவர் வரையறப்போ என்னைப் பத்தி ஏதாச்சும் சொல்லுவாரா?”

மூன்று ஞாயிற்றுக்கிழமை கால் மரத்து உட்கார்ந்தவள் லிங்கராஜபுரத்தில் பிள்ளைகளின் சிலேட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள். மதலைமுத்து லேபிளைப் பார்த்தார், டோரீனைப் பார்த்தார்.

“சொல்லுவாரும்மா,” என்றார். “உங்க முடியேதான்.”

டோரீன் டீ கொண்டுவந்தாள். அவர் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து வந்தார்.

ஸ்டுடியோ அடுத்த ஈஸ்டருக்கு மூடிற்று. தண்டுக்கு வெளியே, பழைய ஊரான பேட்டைப் பக்கம் அவென்யூ ரோடில் புதிதாக வந்த ஒரு அச்சகத்துக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனார். முதலாளி சின்ன வயசுக்காரர், கன்னடக்காரர், தண்டு மனிதர்களுக்காக வைத்திருந்த தமிழில் பேசினார். அந்த வாரம்தான் சுப்ரமணியன் தன் தைலத்துக்கு லேபிள் கேட்டு அங்கே வந்திருந்தார். பழைய படம் மாதிரியே வேண்டுமாம், அதற்கு ஓர் ஆளையும் அவரே சொல்லிவிட்டுப் போயிருந்தார்: குணம் எப்படியோ, கை மட்டும் அப்படியே காப்பி அடிக்கும்.

“தியோடர் மாதிரி வரையக் கத்திருக்கீங்களாமே, வருமா?” என்று கேட்டார் முதலாளி.

மதலைமுத்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“ஏதோ, சுமாரா வரும் சார்” என்றார்.